அத்தையும் எருமையும் ஒரே வெயிலும்

2019 பொங்கலன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தையின் படங்கள் இரண்டு வந்தன. ஒன்று அத்தை மகள் தன் கைபேசியில் எடுத்தது. இன்னொன்று நான் எடுத்தது, தீபாவளி போனஸில் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத நிக்கான் டி5600 கேமராவில். இரண்டும் சோழவந்தான் வீட்டு வாசலில், போகிக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அதே சுவருக்கு முன்னால், ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. கைபேசிப் படத்துக்கு இதயங்களும் கும்பிடும் கைகளும் வந்து குவிந்தன. என் படத்துக்குக் கீழே வெகுநேரம் ஒன்றுமே இல்லை. கடைசியில் அத்தையே ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "மருமகனே, ஒன் போட்டோவுல என் மூஞ்சியக் காணோமேய்யா."

அதனால் தூக்கம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் குளிக்கும்போதும், மதுரை காளவாசல் சிக்னலில் பைக்கில் நிற்கும்போதும் அந்தக் குரல் வந்து போனது. அத்தை நல்ல கறுப்பு. அத்தை மகளின் கைபேசியில் அழகூட்டும் வசதி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அத்தை கோதுமை மாவைப் பூசியதுபோல் வெளுத்திருந்தார், கன்னத்துச் சுருக்கம்கூட இல்லை. அதற்குத்தான் அத்தனை இதயம். உள்ளதை உள்ளபடி எடுத்த என் படம் யாருக்கும் வேண்டாம். இப்படி ஒரு வழக்கை மனதுக்குள் கட்டி, நானே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து, எனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். நம் ஊருக்கு வெள்ளைத் தோல் மோகம், என் கேமரா மட்டும் நேர்மையானது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1974-இல் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக அத்தையை மதுரையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார்கள். பின்னால் ஏரியும் அன்னமும் வரைந்த திரை, பக்கத்தில் உயரமான ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூ. படம் வந்தபோது அத்தை பளீரென்று இருந்தார். படத்தைப் பார்த்துவிட்டுப் பெண் பார்க்க வந்தவர்கள், காபியைக் குடித்துவிட்டு, "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இந்தக் கதையை அப்பா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் அத்தை இல்லாதபோது. என் பொங்கல் படம் அந்தப் பழைய புண்ணைக் கிளறிவிட்டதோ என்று எனக்கு ஒரு பயம்.

கேமரா வந்த புதிதில்

அந்தச் சமயத்தில் கேமராவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் மாதம் முழுக்க, எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் பச்சை நிற 'ஆட்டோ' முறையில் எடுத்தேன். அதில் நிழல் கண்டால் தானாகவே ஃபிளாஷ் எம்பிக்கொண்டு நிற்கும். கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரைப் படமெடுக்கப் போய், அது 'டக்'கென்று எழும்பி மின்னியதில் அவர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அன்றோடு ஆட்டோவுக்கு ஒரு கும்பிடு. 'ஏ' என்ற எழுத்துக்கு டயலைத் திருப்பினேன். அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் துளையின் அளவை, நாம் வைத்தால் போதும், அது எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்ற ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் லென்ஸ். கூடவே வந்த 18-55 போதாது, ஐம்பது எம்எம் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் 50 எம்எம் எஃப் 1.8 (எஃப் என்பது அந்தத் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிது) மலிவாகக் கிடைத்தது. வீட்டில் வந்து மாட்டினால் திரையில் 'எஃப்ஈஈ' (fEE) என்று ஒரு வார்த்தை. சினிமா டிக்கெட்டா, பள்ளிக்கூட ஃபீஸா? லென்ஸில் இருக்கும் அபெர்ச்சர் வளையத்தை 22-க்குத் திருகிப் பூட்டினால்தான் அது போகும் என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது. அதற்குப் பிறகும் ஆட்டோஃபோகஸ் அசையவில்லை. அது 'டி' வகை லென்ஸாம். அந்த வகையை ஃபோகஸ் செய்யக் கேமராவின் உடலுக்குள் ஒரு மோட்டார் வேண்டும். டி5600-இல் அது கிடையாது. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கையாலேயே வளையத்தைத் திருகி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் மூலையில், ஃபோகஸ் சரி என்று சொல்லும் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி நிலையாக எரியும்வரை காத்திருந்து எடுக்கப் பழகினேன். ஏமாந்ததில் கிடைத்த லாபம் என்றால் இதுதான்: அவசரம் குறைந்தது. புள்ளி எரியும்வரை எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்.

இத்தோடு யூடியூப் பாடம் வேறு. மூன்றில் ஒரு பங்கு விதி. ஆளை நடுவில் நிறுத்தாதே, ஓரமாக நிறுத்து. வெளிச்ச அளவீட்டை, சட்டம் முழுவதையும் பார்க்கும் மேட்ரிக்ஸிலிருந்து நடுப்பகுதியை அதிகம் பார்க்கும் சென்டர் வெயிட்டடுக்கு மாற்று, அதைத்தான் தெரிந்தவர்கள் செய்வார்கள். இரண்டையும் பக்தியோடு கடைப்பிடித்துத்தான் பொங்கலன்று அத்தையை எடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எருமை

பொங்கலுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். பக்கத்து வீட்டு எருமையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, நெற்றியில் பொட்டு வைத்து வாசலில் கட்டியிருந்தார்கள். நல்ல மினுமினுப்பான கறுப்பு. காலை பத்தரை மணி வெயிலில் எண்ணெய் பூசியதுபோல் இருந்தது. ஆசையாகக் கிட்டே போய், உடம்பு சட்டத்தை நிறைக்கும்படி நாலைந்து படம் எடுத்தேன். மதுரைக்குத் திரும்பிக் கணினியில் போட்டுப் பார்த்தால் எருமை சாம்பல் நிறத்தில் இருக்கிறது. திருநீற்றில் புரண்ட மாதிரி. கொம்பின் சிவப்பு வெளிறி ரோஸாகிவிட்டது. சரி, எருமைதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எந்த அபெர்ச்சர், எந்த ஷட்டர் வேகம் என்ற விவரம் வரும். அத்தை படம்: ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, எஃப் 8, நொடியில் 1250-இல் ஒரு பங்கு. அடுத்து எருமை: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 125-இல் ஒரு பங்கு. சுட்டியை நகர்த்தப் போனவன் நின்றுவிட்டேன். இரண்டு நாளும் மேகமில்லாத வானம், ஏறக்குறைய அதே மணி. சூரியன் ஒன்றுதான். அந்தச் சூரியன் எருமைக்குக் கொடுத்த வெளிச்சத்தைத்தான் அத்தைக்கும் கொடுத்தது. ஆனால் என் கேமரா எருமைக்கு உள்ளே விட்ட வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் அத்தைக்கு விட்டிருக்கிறது.

ஃபிலிம் காலத்து ஆட்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. நல்ல வெயிலில் அபெர்ச்சரை 16-இல் வை, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுக்கு வை. ஐஎஸ்ஓ 100 என்றால் நூறில் ஒரு பங்கு. எஃப் 8-க்கு வந்தால் துளை இரண்டு ஸ்டாப் பெரிதாகிறது, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பு. அதை ஈடுகட்ட 400-இல் ஒரு பங்கு. அந்த வெயிலில் யாரை எடுத்தாலும் அதுதான் கணக்கு. 1250 என்பது அதைவிட ஒன்றரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகமான இருட்டு. 125 அதே அளவுக்கு அதிக வெளிச்சம். பேனாவை எடுத்துப் பழைய கரண்ட் பில்லின் பின்னால் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதேதான் வந்தது.

காரணம் ரொம்ப எளிது, புரிந்ததும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது அத்தையா எருமையா என்று தெரியாது. பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டும்தான் அது அளக்கிறது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொள்கிறது. விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் என்று பழைய புகைப்பட அட்டைகளில் குறிப்பார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவர் முக்கால் பங்குக்கு மேலேயே திருப்பித் தரும். மீட்டர், "அய்யோ, இவ்வளவு வெளிச்சமா" என்று ஷட்டரை வேகப்படுத்திச் சுவரைச் சாம்பலாக்கப் பார்க்கிறது. சுவர் இறங்கும்போது அதன் முன்னால் நிற்கும் அத்தையும் கூடவே இறங்குகிறார். எருமையிடம் எதிர்ப்பக்கம்: "ரொம்ப இருட்டு" என்று கூட்டுகிறது. சென்டர் வெயிட்டட் சட்டத்தின் நடுவட்டத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கும். விதிப்படி அத்தையை ஓரமாக நிறுத்திவிட்டேனே, நடுவில் இருந்தது வெறும் சுவர். கேமரா சுவரைத்தான் படமெடுத்தது. போதாததற்கு, வெயிலுக்காக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார் அத்தை. அந்த நிழல் வேறு.

நம்பிக்கை இல்லாமல் அன்று சாயங்காலமே மாடியில் ஒரு சோதனை செய்தேன். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, சமையலறைப் பழைய துணி. மூன்றையும் அருகருகே வெயிலில் விரித்து, ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவீட்டில் தனித்தனியாக, சட்டம் நிறைய எடுத்தேன். மூன்று படத்திலும் ஏறக்குறைய ஒரே சாம்பல். மனைவி எட்டிப் பார்த்து, "இதுக்கா அம்பதாயிரம்?" என்றாள். நான் அப்போது இருந்த பரவசத்தில் அவளிடம் 18 சதவீதத்தை விளக்க ஆரம்பித்தேன். அவள் வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரவசம் ராத்திரி சாப்பாட்டுக்குள் வடிந்தது. மூன்று வாரமாக நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பு என்ன ஆவது? 'உள்ளதை உள்ளபடி' எடுத்ததாகச் சொல்லிக்கொண்டேனே. அத்தையின் நிறம் அதுவல்ல. சுவரின் நிறமும் அதுவல்ல, அதுவும் படத்தில் அழுக்காகத்தான் இருந்தது. தவறாக எடுத்த படத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு, குடும்பத்தையே மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அத்தை கறுப்பு என்று முதலிலேயே தெரிந்திருந்ததால் படம் கறுப்பாக வந்ததும் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் சிவப்பான ஒருவர் நின்று முகம் அப்படி விழுந்திருந்தால், முதல் பார்வையிலேயே 'தப்பு' என்று அழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பேன். இது கேமராவின் குற்றம் இல்லை. பின்புறத் திரையைப் பார்த்துத் தலையாட்டியவன் நான்தான்.

பென்சிலும் அட்டையும்

அதற்கப்புறம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். கடைகளில் கலர் படம் கழுவிப் பிரதி எடுப்பவர்கள் நிறத்தைச் சரிபார்க்க, கொடாக் நிறுவனம் மாதிரி அட்டைகளை அனுப்புமாம். முதலில் அந்தப் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். பல பத்தாண்டுகள் அந்த அட்டையில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். அவர்கள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பின் உள்ளே இருக்கும் நுணுக்கங்களை ஃபிலிம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்ற நெருக்கடி எங்கிருந்து வந்தது தெரியுமா? சாக்லேட்டும் மரச்சாமானும் விற்பவர்கள், தங்கள் விளம்பரப் படங்களில் ஒரு பழுப்புக்கும் இன்னொரு பழுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று புகார் செய்தார்களாம். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னது இது. 2021-இல் கூகுள் தன் பிக்ஸல் கைபேசியில், எல்லா நிறத் தோலையும் சரியாகக் காட்டுவோம் என்று ஒரு வசதியையே தனிப் பெயரிட்டு விற்றது.

நம் ஸ்டூடியோக்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, முகம் இருக்கும் இடத்தில் கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். டச்சிங் என்று பெயர். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் வெளிச்சத்தை மறைக்கும், அதனால் பிரதியில் அந்த இடம் வெளுப்பாக விழும். அத்தையை 1974-இல் வெளுக்க வைத்தது கறுப்புப் பென்சில்தான். பெரிய கைவேலை அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்குக் கைபேசி கண்மூடித் திறப்பதற்குள் செய்வதை ஒரு மனிதர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் செய்திருக்கிறார்.

ஆனால் கைபேசியைத் திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. அது பல படங்களைச் சட்டென்று எடுத்து ஒன்றாக்குகிறது, முகம் எங்கே என்று தேடி அதற்குத் தக்கபடி வெளிச்சத்தை வைக்கிறது. நான் அன்று செய்யத் தவறியதை அது செய்தது. மாவு பூசியது அதற்கடுத்த வேலை. அந்த இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

திண்ணை

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சோழவந்தானுக்குப் போனேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் கொடிக்கால் வெற்றிலை வீட்டுக்கு வீடு இருக்கும். நான் சுற்றி வளைத்து, மன்னிப்புக் கேட்பதுபோலவும் கேட்காததுபோலவும் ஆரம்பித்தேன்.

"அத்தை, பொங்கலுக்கு எடுத்த போட்டோவுல கறுப்பா விழுந்துட்டீங்கன்னு வருத்தப்பட்டீங்கள்ல..."

"யாரு வருத்தப்பட்டா?" வெற்றிலையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "கறுப்பா இருக்கவ கறுப்பாத்தான்யா விழுவா. நான் அதையா சொன்னேன்? மூஞ்சியக் காணோம்னேன். கண்ணு எங்க, மூக்குத்தி எங்க? இருட்டுக்குள்ள யாரோ சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"அப்ப அவ எடுத்தது?"

"அதுலயும்தான் காணோம். அவகிட்டச் சொன்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நீ தாங்கிக்குவேன்னு சொன்னேன்."

நான் இதற்கு என்ன சொல்ல? குழுவிலே எல்லோரும் கேட்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். எல்லோரையும் போல நானும் கேட்க விரும்பியதைத்தான் கேட்டிருக்கிறேன். 1974-ஐப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

மணி நாலு இருக்கும். வெயில் தெருவில் இருந்தது. திண்ணைக்குள் நேராக வராமல், எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் பட்டு, சாய்வாக, மெத்தென்று வந்தது. கேமராவை எம் என்ற கை முறைக்கு மாற்றினேன். டி5600-இல் அதில் ஒரு வில்லங்கம்: பிளஸ் மைனஸ் பட்டனை அமுக்கிக்கொண்டு டயலைத் திருப்பினால், மற்ற முறைகளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், இந்த முறையில் அபெர்ச்சர் மாறிவிடும். இரண்டு தடவை மாற்றிக் குழப்பிவிட்டு, அபெர்ச்சரை 2.8-க்குக் கொண்டுவந்தேன். பிறகு அத்தையின் முகத்தருகே என் உள்ளங்கையை நீட்டி, முகத்தில் படும் வெளிச்சம் கையிலும் படும்படி திருப்பி, அதை அளந்தேன். மனிதர்களின் தோல் எத்தனை நிறம் என்றாலும் உள்ளங்கைகளுக்குள் அவ்வளவு வித்தியாசம் இல்லை. அந்தச் சாம்பல் அட்டையைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சமானவை. அதனால் மீட்டரின் கோடு ஒன்று கூட்டி நிற்கும்வரை டயலைத் திருப்பினால் போதும். 200-இல் ஒரு பங்கு வந்தது. இனிமேல் பின்னால் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் என்ன, எருமையே வந்து நின்றால் என்ன.

"கையக் காட்டி என்னமோ பண்றியே, மந்திரமா?" என்று கேட்டு அத்தை சிரிக்கத் தொடங்கினார். வளையத்தைத் திருகினேன். பச்சைப் புள்ளி எரிந்து, அணைந்து, எரிந்தது. சிரிப்பு முடிந்து முகம் தன் இடத்துக்குத் திரும்பிவரும் அந்த நேரத்தில் அமுக்கினேன்.

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தெரு வெளிச்சம் இடது கன்னத்தில் மினுமினுத்தது, நெற்றியில் இன்னொரு மினுக்கு. நடுவில் எத்தனை விதமான பழுப்பும் கறுப்பும்! மூக்குத்தியின் ஏழு கல்லையும் எண்ணலாம். புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம், நான் அதுவரை கவனித்ததில்லை. "இது கெணத்து மேட்டுல விழுந்தது. ஒங்கப்பன் தள்ளிவிட்டது" என்றார், திரையிலேயே விரலை வைத்து.

"இத பெருசாப் போட்டு ஃபிரேம் மாட்டித் தரவா அத்தை?"

"இதையா?" என்று என்னைப் பார்த்தார். "இதுவா? இது நீ வச்சுக்க. வெத்தலைக் கறையோட, தலைகூட வாராம இருக்கேன். இரு, வாரேன்."

உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து வந்தார். அரக்குப் பட்டு, படிய வாரிய தலை, கழுத்துவரைக்கும் பவுடர். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூடியோவில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்றார். சிரிக்கவில்லை. வெளிச்சம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மறுபடி உள்ளங்கையை நீட்டி அளந்தேன், 160-இல் ஒரு பங்கு. முகத்தைப் பார்த்தேன். பவுடருக்காக டயலை ஒரு சொடுக்கு நகர்த்தி, மறுபடி 200-க்குக் கொண்டுவந்து எடுத்தேன்.